கிழங்குக் காசில கட்டின வீடு

எங்கட வீட்டில வத்தாளங்கிழங்கு அவிக்கப் பெரிய ஆயத்தம் ஒண்டும் தேவையில்லை. மண் போகக் கழுவி, தோலோட பானையில போட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு அவிச்சால் சரி. தேங்காய்ப்பூவோ சம்பலோ இருந்தால் பின்னேரத் தேத்தண்ணிக்கு அது போதும். உருளைக்கிழங்கு அப்பிடியில்லை. அவிச்சு, தோலுரிச்சு, வெட்டி, பொரிச்சு, தூள் போட்டுப் பிரட்டுறது ஆக்கள் வாற நாளில. மற்ற நாளில பால் விட்டு ஒரு வெள்ளைக்கறி. ஒண்டு ஏழைக் கிழங்கு, மற்றது மரியாதைக் கிழங்கு. இந்த மரியாதை எங்கிருந்து வந்தது?

இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவைதான். ஆனால் சொந்தமில்லை. உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி, மிளகாயின் குடும்பம். பெயர்களில் வந்த வழி தெரியும். கரீபியன் தீவுகளில் வத்தாளங்கிழங்குக்கு 'பட்டாட்டா' என்று பெயர். போர்த்துக்கேயர் கொண்டுவந்த அந்தச் சொல் சிங்களத்தில் 'பத்தள' ஆனது. சிங்களவர் உருளைக்கிழங்கை 'அர்த்தாப்பல்' என்பது ஒல்லாந்தரின் 'ஆர்ட்அப்பல்', அதாவது மண் அப்பிள். நாங்கள் அதன் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டோம்.

வத்தாளைக்கு வெயில் பிரச்சினையில்லை. கொடியை வெட்டி நட்டால் தானே படரும். உருளைக்கிழங்குக்குக் குளிர் வேண்டும். அதனால் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் அதை அங்கே பயிரிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டினால்தான் உண்டு. வலிகாமத்துச் செம்மண், கிணற்றுத் தண்ணி, ஓயாத உழைப்பு மூன்றும் சேர்ந்து அந்தக் கொஞ்ச மாதத்துக்குள் அதை விளைவித்தன.

விளைந்தது விலை போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் கொழும்புச் சந்தை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் போனது. "இந்தக் கல்வீடு கிழங்குக் காசில கட்டினது பிள்ளை" என்று அம்மம்மா இன்றும் சொல்லுவா.

அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1972இன் அரசியலமைப்பில் சிங்களத்தையும் பௌத்தத்தையும் முன்னுக்கு வைத்ததும் அதுதான். எங்களுக்குச் சொல்லித் தரப்படும் வரலாறு பெரும்பாலும் இத்தோடு நிற்கிறது. ஒரே வீட்டில் மகனுக்கு வளாகக் கதவு சாத்தப்பட, தகப்பனின் தோட்டம் செழித்தது என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாய், வெங்காயத்துக்கு இருந்த பாதுகாப்புத் தளர்ந்தது, விலை விழுந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர், சிறிமாவோ அரசில் விவசாய அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவ. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாக்கு. ஜே.ஆருக்கு ஐந்தில் ஒன்று அளவுதான். அந்த வாக்கில் தோட்டக்காரரின் கணக்கும் இருந்தது என்றே நினைக்கிறேன். பிறகு போர் வந்தது. தோட்டங்கள் பல உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பொருளாதாரத் தடைக் காலத்தில் பல வீடுகளின் பசியை மரவள்ளியும் வத்தாளையும் ஆற்றின.

இப்ப பாகிஸ்தான் கிழங்கும் இந்தியக் கிழங்கும் கடையில் கிடக்கு. மாசி, பங்குனியில் எங்கட புதுக்கிழங்கு வரும். தோல் மெல்லிசு, விரலால தேய்ச்சாலே கழரும். அதைத் தோலுரிக்காமலே கழுவி வெள்ளைக்கறி வைக்கலாம். ஆனால் சந்தையில் அம்மம்மா முதலில் கேட்கிறது விலையை இல்லை.

"தம்பி, இது எங்கத்தைக் கிழங்கு?"