பாதுகாவலியின் மக்களும் அயல் மண்ணும்

நம் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் விழா மலருக்குப் பாதுகாவலி புனித எலிசபெத் அம்மாளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தனர். அந்தப் பணிப்பைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். மேலாடையில் மறைத்த அப்பம் ரோஜாவானதும், தொழுநோயாளரை அவர் தம் கட்டிலில் கிடத்தியதும், மார்பர்க் நகரில் மருத்துவமனை எழுப்பியதும் ஆண்டுதோறும் நவம்பர் 17 மறையுரையில் நாம் கேட்டு உருகுபவை. நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் அவை மனப்பாடம். அவற்றை விடுத்து, அந்த அம்மாளை ஈன்றளித்த ஹங்கேரிய மக்களைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் பிற ஐரோப்பிய இனத்தாரோடு ஒரே மண்ணில் வாழ நேர்ந்த இடங்களில் கல்வியிலும் செல்வத்திலும் எந்நிலை எய்தினர்? நெடுநாளாக இக்கேள்வியைத் தொடர்ந்து வந்திருக்கிறேன். இதற்கு வரலாறு தரும் விடையில் நம் சபைக்கு உரிய செய்தி ஒன்று இருக்கிறது.

அரசர் மகனுக்குச் சொன்னது

ஹங்கேரியின் முதல் கிறிஸ்தவ அரசர் புனித ஸ்தேவான். கி.பி. 1000-த்தை ஒட்டி முடிசூடியவர். தம் மகன் இம்ரேக்கு அறிவுரை நூல் ஒன்றை இலத்தீனில் எழுதுவித்தார். பத்து அதிகாரங்கள் கொண்ட சிறு நூல். ஆட்சி நூல்கள் எத்தனையோ படித்திருந்தாலும் இதன் ஆறாம் அதிகாரத்தைப் போல் என்னை ஆட்கொண்டது வேறில்லை. விருந்தினராக வந்து குடியேறுவோரைப் பற்றியது அது. வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு மொழியையும் வழக்கத்தையும் அறிவையும் படைக்கலத்தையும் கொணர்ந்து நாட்டை அணிசெய்கிறார்கள். ஒரே மொழியும் ஒரே வழக்கமும் உள்ள அரசு வலுவற்றது. எனவே அவர்களைப் பேணி மதிப்புடன் வைத்துக்கொள் என்பது தந்தை மகனுக்குச் சொன்ன கருத்து. உங்களிடையே தங்கும் அன்னியரைக் குடிமகனைப் போலவே நடத்துங்கள், நீங்களும் எகிப்தில் அன்னியராய் இருந்தவர்களே என்ற லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரக் கட்டளை அரசியல் நெறியாக உருவெடுத்த இடமென்று இதைச் சொல்வேன். விருந்தோம்பலை இல்லறத்தானின் கடமையாக வள்ளுவர் வைத்தார். ஸ்தேவான் அதை அரசனின் கடமையாக்கினார்.

இரு நூற்றாண்டு கழித்து அதே அரியணையில் இருந்தவர் நம் பாதுகாவலியின் தந்தை, இரண்டாம் அந்திரேயா. 1222-இல் அவர் வெளியிட்ட பொன்முத்திரைச் சாசனத்தை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். அதைவிட எனக்கு நெருக்கமானது 1224-இல் திரான்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியருக்கு, அதாவது சாக்சன் மக்களுக்கு, அவர் அளித்த ஆந்திரேயானம் என்னும் சாசனம். எலிசபெத்துக்கு அப்போது பதினேழு வயது. துரிங்கிய நாட்டு மருமகளாக ஜெர்மானியர் நடுவே வாழ்ந்துகொண்டிருந்தார். அதே ஆண்டில் தந்தை தம் நாட்டுக்கு வந்த ஜெர்மானியருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார் என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் நிறைகிறது.

அச்சாசனத்தின்படி அவர்கள் ஒரே மக்களாகத் தங்கள் நீதிபதியின் கீழ் வாழலாம். தங்கள் குருக்களைத் தாங்களே தேர்ந்து, அவர்களுக்கே பத்திலொரு பங்கைச் செலுத்தலாம். அவர்களின் வணிகர் சுங்கமின்றிப் பயணம் செய்யலாம். ஈடாக ஆண்டுதோறும் 500 வெள்ளி மார்க் செலுத்த வேண்டும். நாட்டுக்குள் போர் என்றால் 500 வீரரையும், அரசரே எல்லை கடந்து படை நடத்தினால் 100 வீரரையும் அனுப்ப வேண்டும். அவர்கள் நிலத்தைப் பிரபு எவருக்கும் தானமாகக் கொடுப்பதில்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. இந்தக் கடைசி உறுதிமொழியே மற்ற எல்லாவற்றுக்கும் வேர்.

விளைவைப் பாருங்கள். சிபியு, பிராஷோவ் என்று இன்று வழங்கும் நகரங்கள் சாக்சன் கைவினைஞரின், வணிகரின் உழைப்பில் செழித்தன. கில்டுகள் எழுந்தன, பள்ளிகள் பெருகின. அதே நாட்டில் ஹங்கேரிய மொழி பேசிய உழவரோ பிரபுக்களின் நிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தனர். 1514-இல் தோஜா தலைமையில் எழுந்த உழவர் கிளர்ச்சி குரூரமாக நசுக்கப்பட்டபின், குடியானவர் தாம் உழும் நிலத்தை விட்டு நகரும் உரிமையையும் இழந்தனர். ஜெர்மானிய இரத்தம் சிறந்தது என்று பின்னாளில் சிலர் பெருமை பேசியதற்கு இந்த வேற்றுமையே முதல். ஆனால் அங்கேயே அதற்கு மறுப்பும் இருந்தது. சேக்கெய் என்னும் எல்லைக் காவல் மக்கள் ஹங்கேரிய மொழியே பேசியவர்கள். அவர்களுக்கும் சட்ட உரிமை இருந்தது. இடைக்காலத்தில் அவர்கள் பிரபுவின் அடிமைகளாக இல்லை. ஆக, ஒரே மொழி பேசியவருள் உரிமைச் சாசனம் உடையவர் நிமிர்ந்தும் அது இல்லாதவர் குனிந்தும் வாழ்ந்தனர். அருகிலிருந்த ருமேனிய உழவருக்கோ, ஹங்கேரியப் பிரபுக்களும் சாக்சன்களும் சேக்கெய்களும் 1437-இல் அமைத்த மூவினக் கூட்டணியில் இடமே கிடைக்கவில்லை. ஸ்தேவானின் அறிவுரை எல்லாருக்கும் எட்டவில்லை என்பதை நாம் வருத்தத்துடன் ஏற்க வேண்டும். நம் பாதுகாவலியின் தாய் கெர்த்ரூட் அரசியே, அயல்நாட்டு உறவினருக்குச் சலுகை தந்தாரென்ற சினத்துக்கு ஆளாகி 1213-இல் கொலையுண்டவர். குழந்தை எலிசபெத்துக்கு அப்போது ஆறு வயது.

கடல் கடந்தோர்

முதல் உலகப் போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் ஹங்கேரி அரசிலிருந்து பெருந்திரளான மக்கள் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் ஹங்கேரிய மொழி பேசியோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர் ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், ருமேனியர், ரூசின் மக்கள், குரோவாசியர். ஒப்பிட முற்படுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. ஹங்கேரியில் பிறந்தோர் என்று பழைய அமெரிக்கக் கணக்கில் காணும் எண்ணிக்கையை அப்படியே ஹங்கேரிய இனத்தார் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் பிழையாகும்.

சென்றவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற இளைஞர். சில ஆண்டுகள் உழைத்து, பணம் சேர்த்து, ஊர் திரும்பி நிலம் வாங்க எண்ணினர். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் வட்டார இரும்பு ஆலைகளிலும் வேலை செய்தனர். விடுதி வீடுகளில் ஒருவர் வேலைக்குப் போக, மற்றவர் அதே கட்டிலில் படுப்பார்; அத்தனை பேருக்கும் சமைத்துத் துவைத்தவர் விடுதிக்காரரின் மனைவி. நூலாசிரியர்கள் அந்தப் பெண்களை மறந்துவிட்டனர். அவர்களின் உழைப்பிலும் கடலுக்கு அப்பால் நிலம் வாங்கப்பட்டது. 1907 டிசம்பர் 19 அன்று பென்சில்வேனியாவின் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் மாண்டனர். அவர்களுள் ஹங்கேரியர் பலர். கிரேக்க ரீதிக் கத்தோலிக்கரான ரூசின் தொழிலாளர் பலர் அன்று பிழைத்தனர். பழைய நாட்காட்டிப்படி அது புனித நிக்கோலாசு திருநாள். அவர்கள் வேலைக்குப் போகாமல் கோயிலுக்குப் போயிருந்தனர். இறைவனின் பராமரிப்பை அதில் நான் காண்கிறேன்.

அந்த நாளில் ஹங்கேரியர், ஸ்லாவியர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் ஒரே இழிபெயரால் அழைத்தனர். ஆங்கிலேய, ஜெர்மானிய வழியினர் மேற்பார்வையாளராக இருக்க, இவர்கள் மண்வெட்டி பிடித்தனர். 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 51,227 பேர் என்றும் ஹங்கேரிக்கு 473 பேர் என்றும் வரம்பு வைத்தது. எந்த ஐரோப்பியர் உயர்ந்தவர், எவர் தாழ்ந்தவர் என்ற மதிப்பீடு சட்டப் புத்தகத்திலேயே இப்படி ஏறியது.

இந்த இருளில் ஒளியாக நின்றது ஒரு கோயில். கிளீவ்லாந்து நகரின் பக்கை சாலையில் 1892-இல் தொடங்கப்பட்ட பங்கு, அமெரிக்காவில் ஹங்கேரிய ரோமன் கத்தோலிக்கரின் முதல் பங்கு. அதன் பாதுகாவலி வேறு யார்? நம் ஹங்கேரி எலிசபெத் அம்மாளே! அருட்பணியாளர் காரோய் பேம் அங்கு பணியேற்று, சிதறிக் கிடந்தவரைத் திரட்டினார். அரண்மனையை விட்டு அயல்நாட்டில் ஏழையாக இறந்த அரசிளங்குமரியிடம், அயல்நாட்டில் ஏழைகளாக இருந்தோர் தங்களை ஒப்படைத்தது எத்துணைப் பொருத்தம்! பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடலை இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் காண்கிறோம்: வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், அந்த நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்பது அதன் உட்பொருள். பக்கை சாலை மக்கள் அதைச் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து காட்டினார்கள்.

பின்னர் நிகழ்ந்ததை எண்கள் சொல்கின்றன. 1980-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு முதன்முறையாக மக்களின் மூதாதையர் மரபைக் கேட்டது. சுமார் 17.8 இலட்சம் பேர் ஹங்கேரிய மரபைக் குறித்தனர். அக்கணக்கை ஆராய்ந்து ஸ்டான்லி லிபர்சன், மேரி வாட்டர்ஸ் இருவரும் 1988-இல் நூல் வெளியிட்டனர். வடமேற்கு ஐரோப்பிய வழியினருக்கும், ஒருகாலத்தில் இகழப்பட்ட தெற்கு, நடு, கிழக்கு ஐரோப்பிய வழியினருக்கும் இடையே இருந்த பழைய ஏற்றத்தாழ்வு பெரிதும் கரைந்துவிட்டது என்பது அவர்கள் கண்டது. அதற்கு முன்பே, குருவும் சமூகவியலாளருமான ஆண்ட்ரூ கிரீலி, குடியேறிய கத்தோலிக்கரின் பேரப்பிள்ளைகள் கல்வியிலும் வருமானத்திலும் நாட்டுச் சராசரியை எட்டி, சில இடங்களில் கடந்தும் விட்டனர் என்று காட்டியிருந்தார். கத்தோலிக்கம் முன்னேற்றத்துக்குத் தடை என்று பேசியோர் வாயடைத்துப் போகச் செய்த ஆய்வுகள் அவருடையவை. இன்று ஹங்கேரிய மரபினரின் பட்டப்படிப்பு விகிதமும் குடும்ப வருமானமும் அமெரிக்கச் சராசரிக்கு மேலே இருக்கின்றன. செக், ஸ்லோவாக்கிய, போலந்து மரபினரும் அவ்வாறே. சுரங்கத்தில் மண்வெட்டி பிடித்தவரின் பேரர்கள் மேற்பார்வையாளரின் பேரர்களோடு ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, ஒருவரையொருவர் மணந்தும் கொண்டனர். 2000-ஆம் ஆண்டில் ஹங்கேரிய மரபைக் குறித்தோர் சுமார் 14 இலட்சமாகக் குறைந்ததற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம்.

இந்த உயர்வைக் கண்டு ஹங்கேரிய மூளையே தனி என்று பாராட்டுவோர் உண்டு. நாய்மன், விக்னர், சிலார்டு, டெல்லர், கார்மன் ஆகிய அறிவியலாளரின் பெயர்களை உடனே அடுக்குவர். பெருமை நியாயமே, நானும் கொள்கிறேன். ஆனால் இந்த ஐவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1920-இல் ஹங்கேரி தன் பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. தாய்நாடு கதவைச் சாத்தியதால் வெளியேறி அமெரிக்காவை வளப்படுத்தியவரை ஹங்கேரிய இனத்தின் கணக்கில் வரவு வைக்குமுன், 1944 மே முதல் ஜூலை வரை அதே நாட்டிலிருந்து நாடுகடத்தப்பட்ட நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதரை நினைத்துத் தலைகுனிய வேண்டும்.

1956-இல் வந்தவர் கதை வேறு. அவ்வாண்டு ஹங்கேரியில் எழுந்த புரட்சியை நசுக்கிய சோவியத் டாங்கிகளுக்கு அஞ்சி ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் ஆஸ்திரியா, யுகோஸ்லாவியா எல்லைகளைக் கடந்தனர். பலர் இளைஞர், மாணவர், தேர்ந்த தொழிலாளர். கனடா மட்டும் 37,000-த்துக்கு மேற்பட்டோரை ஏற்றது. சோப்ரோன் நகர வனவியல் கல்லூரியின் மாணவரும் ஆசிரியருமாகச் சுமார் 200 பேரை, முதல்வர் கால்மான் ரோலரோடு சேர்த்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. ஹங்கேரிய மொழியிலேயே பாடம் தொடர அனுமதித்தது. ஒரு கல்லூரியே புலம்பெயர்ந்து அயல்நாட்டில் பட்டம் பெற்றதற்கு இணையான செய்தி வரலாற்றில் அரிது. இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவும் அந்த அலையில் வந்து, நியூயார்க் நகரக் கல்லூரியில் 1960-இல் பட்டம் பெற்றவர். 1905-இல் எழுத்தறிவு குறைந்து வந்த உழவரையும் 1957-இல் நிதியுதவியும் வரவேற்பும் பெற்று வந்த மாணவரையும் ஒரே மரபுப் பெயரின் கீழ்க் கூட்டிச் சராசரி எடுத்து, அதைப் போலந்து வழியினரின் சராசரியோடு நிறுத்துப் பார்ப்பது ஆய்வாகாது.

எல்லை நகர்ந்தபோது

ஊரை விட்டு நகராமலேயே அயலாரானவரும் உண்டு. 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர் அண்டை நாடுகளின் குடிகளாயினர். செக்கோஸ்லோவாக்கியாவில் 1945-க்குப்பின் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஹங்கேரியப் பள்ளிகள் மூடப்பட்டன. பல்லாயிரவர் பொகீமியாவுக்கு வேலைக்கு ஓட்டப்பட்டனர். 1948-இல் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. இழந்த பள்ளி ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஸ்லோவாக்கியாவின் தென் மாவட்டங்களில் வாழும் ஹங்கேரியரிடையே பட்டதாரிகளின் விகிதம் ஸ்லோவாக்கியரினும் நெடுங்காலம் தாழ்ந்தே இருந்திருக்கிறது. கொமார்னோவில் அவர்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் தோன்ற 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளீவ்லாந்துக்குப் போனவரின் பேரர் முன்னேற, முன்னோர் மண்ணிலேயே தங்கியவரின் பேரர் பின்தங்கினர். இருவரும் ஒரே மக்கள். ஒரே செபம் சொன்னவர்கள். இரத்தத்தில் காரணம் தேடுவோர் இந்த இரண்டு ஊர்களையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கட்டும். வந்தவரை அல்லது வாழ்பவரை அந்நாட்டுச் சட்டமும் பள்ளியும் அண்டை வீட்டாரும் எப்படி ஏற்றனர் என்பதே மூன்றாம் தலைமுறையின் நிலையைத் தீர்மானித்தது.

நம் சபையாருக்கு

சகோதர சகோதரிகளே, நம் ஊர்க் கட்டடப் பணிகளிலும் ஆலைகளிலும் இன்று உழைக்கும் வடமாநிலத்தாரில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கத்தோலிக்கரும் இருக்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் அவர்களைப் பின்வரிசையில் பார்க்கிறோம். பெயர் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? பாதுகாவலியின் திருநாளில் அப்பமும் ஆடையும் வழங்கும் நம் வழக்கம் தொடரட்டும். அத்துடன், இவ்வாண்டு முதல் சபையின் ஒவ்வொரு குழுவும் தன் அன்பியத்தின் எல்லைக்குள் இருக்கும் அத்தகைய குடும்பங்களைச் சந்தித்து, பங்குப் பதிவேட்டில் அவர்களின் பெயரைச் சேர்க்கும்படியும், பள்ளி வயதுப் பிள்ளைகளை ஜூன் மாதத்துக்குள் பள்ளியில் சேர்த்து மாலையில் தமிழ் கற்பிக்க ஒருவரை அமர்த்தும்படியும் வேண்டுகிறேன். ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்றோர் நம்முள் பலர் இருக்கிறோம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.