எச்.ஐ.வி. பரிசோதனையும் சார்புநிலை நிகழ்தகவும்

ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது எனத் தெரிந்த பின் மற்றொரு நிகழ்ச்சிக்கு உள்ள வாய்ப்பைக் கூறுவது சார்புநிலை நிகழ்தகவு ஆகும். இது நிபந்தனை நிகழ்தகவு எனவும் அழைக்கப்படுகிறது. இதற்கு அடிப்படையான தாமஸ் பேயீஸின் கட்டுரை, அவர் மறைந்த பின் 1763இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. தமிழ்நாட்டின் எச்.ஐ.வி. வரலாற்றில் இக்கணக்கின் பயனைத் தெளிவாகக் காணலாம்.

முதல் கண்டுபிடிப்பு

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பெண்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூரில் எலிசா முறையில் சோதித்தனர். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பதாகக் காட்டியது. உடனே முடிவு சொல்லாமல் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. பிறகு மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் உறுதி செய்யப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இவ்வாறே.

மறுசோதனை ஏன்?

ஒரு சோதனை, தொற்று உள்ளவர்களில் 99 விழுக்காட்டினரையும், தொற்று இல்லாதவர்களில் 99 விழுக்காட்டினரையும் சரியாகக் காட்டுவதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஊரில் 1,00,000 பேரைச் சோதித்தால்:

தொற்று உள்ளவர்கள் 100. அவர்களில் 'உண்டு' என வருவது 99.
தொற்று இல்லாதவர்கள் 99,900. அவர்களில் தவறாக 'உண்டு' என வருவது 999.

'உண்டு' என வந்த மொத்தம் 1,098 பேர். அவர்களில் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 99 பேர். அதாவது சுமார் 9 விழுக்காடு மட்டுமே. தொற்று உள்ளவருக்கு 'உண்டு' என வரும் நிகழ்தகவு வேறு. 'உண்டு' என வந்தவருக்குத் தொற்று இருக்கும் நிகழ்தகவு வேறு. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

அந்த 1,098 பேரையும் அதே திறனுள்ள வேறு வகைச் சோதனைக்கு உட்படுத்தினால், ஏறத்தாழ 98 பேருக்குச் சரியாகவும் 10 பேருக்குத் தவறாகவும் 'உண்டு' என வரும். நிகழ்தகவு சுமார் 91 விழுக்காடாக உயரும். இரு சோதனைகளின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும். அறிகுறி இல்லாதவருக்குத் தொற்றை உறுதி செய்ய மூன்று வெவ்வேறு சோதனைகள் என்ற இந்திய நடைமுறையின் காரணமும் இதுவே.

தாம்பரம் மருத்துவமனை

தாம்பரம் சானடோரியத்தை மருத்துவர் சௌரி முத்து 1928இல் காசநோய்க்காக நிறுவினார். 1937இல் அது அரசின் வசமானது. 1993 முதல் அங்கு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

காசநோயுடன் வருவோரிடையே எச்.ஐ.வி. தொற்று பொதுமக்களைவிடக் கூடுதலாகக் காணப்படும். அத்தகையோரில் பத்தில் ஒருவருக்குத் தொற்று எனக் கொண்டால், மேற்கண்ட அதே முதல் சோதனையில் 'உண்டு' என வந்தவர்களில் சுமார் 92 விழுக்காட்டினருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும். சோதனை மாறவில்லை, சோதிக்கப்படுவோர் மாறியதால் விடை மாறியது.

ஒரு தாளில் 'உண்டு' என எழுதப்பட்டதாலேயே வேலையும் குடும்பமும் இழக்கும் நிலை இருந்த காலம் அது. உறுதி செய்யும் வரை காத்திருப்பது கணக்கின் விதி மட்டுமன்று, மனிதருக்குச் செய்யும் நீதியும் ஆகும்.