இஸ்கந்தரிய்யாவின் கலங்கரை விளக்கம்

எகிப்தின் கடற்கரை நகராம் இஸ்கந்தரிய்யாவுக்குச் செல்வோர், 1892இல் நிறுவப்பெற்ற கிரேக்க ரோமானிய அருங்காட்சியகத்தையும் 2002இல் திறக்கப்பெற்ற புதிய நூலகத்தையும் காணத் தவறுவதில்லை. ஆயின், அந்நகருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த கலங்கரை விளக்கத்தை இன்று எங்கும் காணவியலாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அக்கோபுரத்தின் இறுதிக் காலத்தை நாம் அறிவதற்குப் பயணியொருவரின் ஏடு துணைபுரிகிறது.

1303ஆம் ஆண்டின் நிலநடுக்கம் அதனைப் பெரிதும் சிதைத்தது. ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) அங்கு வந்த இப்னு பதூதா, அதன் ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். எனினும் உள்ளே சென்று பார்த்தார். சுவரின் அகலம் பத்துச் சாண், நான்கு பக்கங்களும் தனித்தனியே 140 சாண் எனக் குறித்து வைத்தார். ஹிஜ்ரி 750இல் அவர் திரும்பி வந்தபோது வாயிலை அடையவும் வழியில்லாதவாறு அது பாழ்பட்டிருந்தது. அதனருகே அதுபோன்றதொரு விளக்கத்தை எழுப்பத் தொடங்கிய சுல்தான் நாஸிர் முஹம்மது, அது நிறைவேறுமுன்னரே 1341இல் இறந்துவிட்டார். 1477இல் சுல்தான் காயித்பாய் அவ்விடத்தில் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார். இன்று பயணிகள் காண்பது அக்கோட்டையையே.

சுல்தான் ஒருவரால் மீட்க இயலாததை வழிப்போக்கர் ஒருவரின் சாண்கணக்கு ஓரளவேனும் காத்துத் தந்துள்ளது. இடிபாடு கண்டு இரங்குவதோடு நில்லாமல், அவர் அளந்தார்; எழுதினார். தொன்மையான இடங்களைக் காணச் செல்லும் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.