பயனும் பாதகமும்

மருத்துவ நூல் யாத்த அரபுமொழிப் பேரறிஞர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒரு பொருளின் பயனைச் சொன்னதோடு அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவதில்லை. அதன் கேட்டையும், அக்கேட்டை மாற்றும் வழியையும் எழுதிய பின்னரே அடுத்த பொருளுக்குச் செல்வர். கி.பி. 925 வாக்கில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ தம் உணவு நூல் ஒன்றுக்கு இட்ட பெயரே, 'உணவுகளின் பயன்களும் அவற்றின் தீங்குகளைத் தடுத்தலும்' என்று பொருள்படும். அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு புத்லான் இதனை மேலும் செப்பம் செய்தார். அவர் கிறிஸ்தவர், அக்காலப் பக்தாதின் மருத்துவ அவைகளில் அது ஒரு தடையாக இருக்கவில்லை. அவருடைய 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா'வில் பொருள்கள் அட்டவணையாகக் கட்டம் கட்டி வைக்கப்பட்டுள்ளன. பொருளின் தன்மை ஒரு கட்டம். பயன் ஒரு கட்டம். பாதகம் ஒரு கட்டம். பாதகத்தை நீக்குவது இன்னொரு கட்டம். இந்நூல் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பா எங்கும் பரவிற்று. இத்தாலிய மொழியில் குறிப்பேட்டுக்கு இன்றும் வழங்கும் 'தக்குயீனோ' என்னும் சொல் நம் 'தக்வீம்'தான்.

இப்பழைய அட்டவணையை நாம் இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் 2025ஆம் ஆண்டில் நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் பயன் எழுதிய கட்டத்தைப் படிக்காதவர் இல்லை. அடுத்த கட்டங்களைப் படிப்பவர்தாம் அரிதாக இருக்கின்றனர்.

இம்மருந்தின் வரலாறு சுவையானது. உணவு உட்சென்றதும் நம் குடல் ஒரு சுரப்பினை இரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்பதை 1987இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் ஆய்வாளர்கள் நிறுவினர். அச்சுரப்பு இரைப்பையின் ஓட்டத்தை மெதுவாக்கும். மூளைக்குச் சென்று 'போதும்' என்றும் சொல்லும். ஆயினும் இரண்டொரு நிமிடங்களிலேயே சிதைந்து போவதால் மருந்தாக்க இயலவில்லை. 1992இல் நியூயார்க்கில் ஜான் எங் என்னும் மருத்துவர், கிலா மான்ஸ்டர் எனப்படும் பாலைவன நச்சுப் பல்லியின் நஞ்சில் அதற்கு ஒப்பானதும் எளிதில் சிதையாததுமான ஒரு பொருளைக் கண்டார். விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்துத் 'திர்யாக்' என்னும் நஞ்சு முறியைச் செய்த நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். அப்பொருளைச் செயற்கையாகச் செய்து, எக்ஸெனடைட் என்ற பெயரில் 2005இல் நீரிழிவுக்கு மருந்தாக அமெரிக்க அரசு ஒப்பியது. இன்று பெரிதும் பேசப்படும் செமாக்ளுடைட் அப்பல்லியின் வழியில் வந்ததன்று. மனிதச் சுரப்பினையே சற்று மாற்றி, ஒரு வாரம் நிலைக்குமாறு ஆக்கியது. எடைக் குறைப்புக்கென அது ஒப்புதல் பெற்ற ஆண்டு 2021.

இப்போது பாதகக் கட்டத்தைப் பார்ப்போம். 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் பங்கு கொண்டனர். 68 வாரங்களில் மருந்து பெற்றோர் சராசரியாகத் தம் எடையில் 14.9 விழுக்காடு குறைந்தனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் கண்டது. வெற்று ஊசி பெற்றவர்களில் அது 17 பேருக்கே. நூற்றுக்கு 25 பேர் வாந்தியெடுத்தனர். வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் பலருக்கு வந்தன. இவற்றை ஏதோ வெளியிலிருந்து வந்த விபத்தென எண்ணுதல் கூடாது. எந்த ஆற்றல் பசியைத் தணிக்கிறதோ, அதற்கு மிக நெருங்கிய ஆற்றலே குமட்டலையும் தருகிறது. இரைப்பை மெல்ல ஒழிவதால், நேற்று வரை விரும்பி உண்ட நெய்ச்சோறும் பொரித்த இறைச்சியும் இன்று நெஞ்சிலேயே நிற்கின்றன. சிலருக்கு அழுகிய முட்டை நாற்றத்துடன் ஏப்பம் வருகிறது. சிலருக்கு இறைச்சியின் வாடையே ஆகாமற் போகிறது. பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியன அரியவை. எனினும் தாங்கொணாத வயிற்றுவலி வந்தால் அன்றே மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.

பாதகத்தை நீக்கும் கட்டம் வெறுமையாக இல்லை. சிறு சிறு அளவாக உண்பது, கொழுப்பைக் குறைப்பது, வயிறு நிறையுமுன் கையெடுப்பது, நீர் போதிய அளவு அருந்துவது என்று இன்றைய மருத்துவர் கூறுகின்றனர். வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை மத்ரஸாவின் சிறு பிள்ளையும் அறியும். மற்றொன்று, அளவைப் படிப்படியாகக் கூட்டுவது. வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி 16 வாரங்கள் ஏறியே 2.4 மில்லிகிராமை அடைய வேண்டும் என்று விதித்திருப்பது குமட்டலை அஞ்சியே. இப்படிகளைத் தாண்டிக் குதிக்க விழைவோர் இப்னு ஸீனாவின் முடிவைப் படிக்க வேண்டும்.

மருத்துவத்தின் தலைவர் எனப் போற்றப்பட்ட அன்னார், தம் 'கானூன்' நூலில் மிகைப் பருமன் நாளங்களை நெருக்கும், மூச்சைத் திணறச் செய்யும், திடீர் மரணத்துக்கும் வழியாகும் என எழுதியவர். அவருக்குக் குடல் வலி கண்டது. போர்ச் சூழலில் பயணப்பட வேண்டியிருந்ததால், விரைந்து குணமடைய விரும்பி ஒரே நாளில் எட்டு முறை தமக்கு எனிமா கொடுத்துக் கொண்டார், குடல் புண்ணாயிற்று. பின்னர் அம்மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதையைச் சேர்க்கச் சொன்னார். உடனிருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். திர்ஹம் ஒன்றுக்கு ஆறு தானக். ஆகவே பதினைந்து மடங்கு. புண் மேலும் பெரிதாயிற்று. மாணவர் ஜுஸ்ஜானீ எழுதி வைத்த செய்தி இது. முற்றிலும் தேறாமலே ஹிஜ்ரி 428, கி.பி. 1037இல் ஹமதானில் அவர் மறைந்தார். 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தனியார் கலந்து குப்பியில் தந்த செமாக்ளுடைட்டைச் சிலர் அளவு தெரியாமல் ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்ந்தனர் என்பது அதன் சாரம்.

ரமளானில் எழும் ஐயத்தையும் தொட்டுச் செல்வோம். ஊட்டம் தராத ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997இல் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை தீர்மானித்தது. தன்னை மீறி வரும் வாந்தியால் நோன்பு முறியாது; வேண்டுமென்றே எடுத்தால் முறியும். ஆனால் வாந்தி ஓயாமல் நீரிழந்து சோர்பவர் நோயாளி. நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகை அவருக்கும் உண்டு.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. அது மருந்தின் குற்றமன்று. ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் ஊர்களின் அழகு. கை தயங்குபவரைக் கண்டால் நாம் விடுவதில்லை; 'இன்னும் ஒரு துண்டு' என்று வைக்கிறோம். ஊசி போடுவதை வெளியே சொல்ல நாணிய ஒருவர் அதனை விழுங்கிவிட்டு இரவெல்லாம் துன்புறுகிறார். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒரு நாள் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் இல்லாத உணவாதலால் தம் மனம் ஒவ்வவில்லை என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். எவரும் வற்புறுத்தவில்லை. காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.