எழுத்தாக்கமும் சோதனையும்: அலுவிகாரை முதல் இணைய இடைமுகம் வரை

வாய்மொழியாகப் பேணப்பட்ட அறிவு ஆவண வடிவம் பெறுவது தற்செயலான நிகழ்வன்று; அது குறிப்பிட்ட சமூக நெருக்கடிகளின் விளைவாகும். மாத்தளை மாவட்டத்து அலுவிகாரையின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகின்றது. இத்தகைய மாற்றமொன்று நமது காலத்தில் கணினி வழங்கிகளிலும் நிகழ்ந்து வருகின்றது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக்காலத்தில், அதுவரை மனனமாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகமும் அதன் உரைகளும் ஏட்டில் எழுதப்பட்டன என மகாவம்சம் கூறும். அந்நூல் இடத்தைச் சுட்டவில்லை. நிகழ்வை அலுவிகாரையுடன் இணைப்பது பிற்கால மரபாகும். போரும் பஞ்சமும் ஓதுவோர் தொகையைக் குறைத்திருந்தன. மகாநித்தேசம் என்னும் பகுதியை ஒரேயொரு பிக்கு மட்டுமே அறிந்திருந்த நிலையைப் பாளி உரைநூல் குறிப்பிடுகின்றது. எனினும், எழுத்துக்கு முன்பும் சோதனை இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுவாக ஓதும்போது ஒருவரின் வழு ஏனையோரின் ஓதலுடன் முரண்பட்டு வெளிப்பட்டது.

இனி, நமது காலத்தை நோக்குவோம். ஒரு செயலி வழங்கியிடம் தரவு கோருவதற்கென வகுக்கப்பட்ட முகவரிகள் முனைகள் எனப்படும். அவற்றின் தொகுதியே ஏ.பி.ஐ. ஆகும். எம்முனைக்கு எவ்விவரங்களை அனுப்புவது, என்ன விடை வரும் என்பன பல நிறுவனங்களில் நிரலாளர் ஓரிருவரின் நினைவிலேயே தங்கிவிடுகின்றன. அவர் விலகினால் மகாநித்தேசத்தின் நிலையே நேரும். இக்குறையை நீக்க எழுந்த சுவாகர் என்னும் ஆவண முறை, 2016 முதல் ஓப்பன் ஏ.பி.ஐ. என்ற பெயரில் பொது நியமமாக வளர்ந்தது. இத்துறையில் இலங்கைக்கும் பங்குண்டு: 2005 இல் சஞ்சீவ வீரவரணவும் பிறரும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் ஏ.பி.ஐ. மேலாண்மைக்கான திறந்த மூல மென்பொருளை உருவாக்கியது.

ஆயின், எழுதப்பட்ட ஆவணம் தானே உண்மையாகிவிடாது. நிரல் மாறும், ஆவணம் பழையதாகவே நிற்கும். ஆகவே ஒவ்வொரு முனையும் சோதிக்கப்படல் வேண்டும். சரியான கோரிக்கைக்கு 200 என்ற குறியீடும், பிழையான உள்ளீட்டுக்கு 400 உம், அடையாளம் உறுதிப்படாதவருக்கு 401 உம், இல்லாத பொருளுக்கு 404 உம் ஆவணம் கூறியவாறே வருகின்றனவா எனப் பார்க்க வேண்டும். நிரல் மாறுந்தோறும் இச்சோதனைகளைத் தானியங்கியாக மீள ஓட்டுவது, பாணகரின் கூட்டு ஓதல் ஆற்றிய பணியையே ஆற்றுகின்றது.

சோதனையில் எவ்வுள்ளீடு தெரிவு செய்யப்படுகின்றது என்பதும் நடுநிலையானதன்று. 'மாத்தளை' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். வாசகருக்கு அது 4 எழுத்து, யூனிகோடில் 7 குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் 21 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மட்டுமே கொண்டு சோதிக்கப்பட்ட, 20 பைட்டுகளுக்கு வரையறுத்த ஒரு புலம், தமிழில் வரும் இப்பெயரை ஏற்க மறுக்கும். அன்றேல் இறுதிக் குறியைச் சிதைத்துவிடும். ஆவணமோ 'பெயர்: எழுத்துத் தொடர்' என்று மட்டும் கூறி அமையும்.

இஃது அற்பமான நுட்பக் குறையெனத் தள்ளத்தக்கதன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் பிறப்பையும் இடையறாத வதிவையும் நிறுவுமாறு கோரியபோது, மாத்தளை உள்ளிட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் பலர் சான்றுகளின்றி நாடற்றோராயினர். எஞ்சியோருக்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டமே. பதிவேடுகள் வழங்கிகளுக்கு இடம்பெயரும் இன்று, பெயரொன்றைச் சிதைக்கும் முனை பழைய அநீதிக்குப் புதிய கருவியாகக் கூடும்.

1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. எனினும் திரிபிடகம் பிழைத்தது. அது பிற இடங்களில் படியெடுக்கப்பட்டும் ஓதப்பட்டும் வந்தமையே காரணம். பொது நிறுவனங்களின் இடைமுக ஆவணங்களும் ஓரிடத்தில் பூட்டப்படாது யாவரும் படிக்கவும் சோதிக்கவும் திறந்திருத்தல் வேண்டும். அச்சோதனைத் தொகுதிகளில் தமிழ், சிங்களப் பெயர்கள் இடம்பெறச் செய்வது மொழித்துறையினரும் கணினித்துறையினரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க முதற்பணி என நாம் கருதுகின்றோம்.