இரண்டரை டாலர் எதன் பலன்? வடகனடாவின் நிலக்காவலர் பயிற்சி நிதி குறித்து

கனடாவின் வடமேற்கு ஆட்புலத்தில் பூர்வகுடிச் சமூகங்கள் நடத்தும் நிலக்காவலர் திட்டங்களில் இடப்படும் ஒவ்வொரு டாலரும் ஏறத்தாழ 2.5 டாலர் மதிப்புள்ள சமூக, பொருளாதார, பண்பாட்டு, சூழலியல் பலன்களைத் தருவதாக 2016இல் வெளிவந்த ஓர் அறிக்கை கணக்கிட்டது. தகுந்த ஆதரவு அமைந்தால் அது 3.7 டாலர் வரை உயரலாம் என்றும் மதிப்பிட்டது. இந்த விகிதத்தைப் பயிற்சிச் செலவின் பலனாக எடுத்துக்கொண்டு, வட போரியல் காடுகளைப் பேணுவதற்குக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளே சிக்கனமான வழி என்று வாதிடத் தோன்றலாம். அறிக்கையின் கணக்கு அந்த முடிவைத் தாங்காது.

அறிக்கை ஆராய்ந்தவை இரண்டே திட்டங்கள். ஒன்று, கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குப் பகுதியில் லுட்செல்கே டெனே மக்கள் 2008இல் தொடங்கிய ‘நி ஹாட்னி டெனே’. மற்றது, மெக்கன்ஸி ஆற்றுப் பகுதியின் ‘டெசோ கெஹோடி’. 2009 முதல் 2016 வரையிலான காலம் கணக்கில் கொள்ளப்பட்டது. வகுக்கும் எண்ணாக நிற்பது இத்திட்டங்களில் இடப்பட்ட மொத்த முதலீடு; பயிற்சிச் செலவு அதில் ஒரு பங்கு மட்டுமே. ஊதியமும் படகும் எரிபொருளும் இல்லாமல் நிலக்காவல் இல்லை. அந்த மொத்தத்தின் பலனை ஒரு கூறின் பலனாகக் காட்டுவது வாசிப்புப் பிழை, கணக்குப் பிழையும்கூட.

சிக்கல் உண்மையில் 2.5க்கும் 3.7க்கும் இடைப்பட்ட தொலைவில் இருக்கிறது. ‘தகுந்த ஆதரவு’ என்பதைக் கூடுதல் வகுப்புகள் என்றும் படிக்கலாம், நிலையான நிதி என்றும் படிக்கலாம். சொல்லளவில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் அறிக்கை கையாண்ட சமூகப் பலன் கணக்கீட்டு முறை முதல் வாசிப்புக்குச் சாதகமாக இல்லை. ஒரு பலன் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தேய்கிறது என்று மதிப்பிட்டு அதைக் கழிப்பது அம்முறையின் வழக்கமான படிகளில் ஒன்று. சான்றிதழோடு முடியும் வகுப்பின் பலன் விரைவில் தேயும். மறு பருவமும் வேலை உறுதி என்றிருக்கும் காவலரிடம் அதே பயிற்சியின் பலன் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். ஆகவே கூடுதலான 1.2 டாலர் பெரும்பாலும் தொடர்ச்சியிலிருந்தே வர முடியும் என்று கொள்வது பொருந்தும்.

பயிற்சியின் தன்மையும் இதையே காட்டுகிறது. நீர் மாதிரி எடுப்பதையும் படகுப் பாதுகாப்பையும் சில நாட்களில் கற்பிக்கலாம். ஏரிப் பனி எந்த முனையில் முதலில் மெலியும், கரிபூ மந்தை எந்த ஆண்டில் ஏன் தடம் மாறும், தீ எரிந்த இடத்தில் எது முதலில் தழைக்கும் என்பனவற்றை மூத்தோருடன் பல பருவங்கள் அலைந்தே அறிய வேண்டும். மார்ச் 31இல் முடியும் நிதியாண்டுக்கு அந்தப் பருவங்களோடு எந்த உறவும் இல்லை. நிதிக் கடிதம் தாமதமாக வந்தால் அந்தக் கோடை போனது போனதுதான்.

இரண்டு திட்டங்களை வைத்துப் பொதுமைப்படுத்தலாகாது என்பது ஒரு மறுப்பு. அது சரியானால் குறுகிய வகுப்புகளுக்கு ஆதரவாக எடுக்கப்பட்ட முடிவும் சேர்ந்தே விழும். பண்பாட்டுப் பலனுக்கு டாலர் விலை வைப்பது செயற்கையானது என்ற மறுப்பு இந்த வாதத்தைத் தொடவில்லை. இங்கு பேசப்படுவது விகிதத்தின் அளவு அன்று, அது எதைச் சுட்டுகிறது என்பதே.

நிதி வரும் வடிவம் இப்போது முக்கியமாகிறது. 2017ஆம் ஆண்டின் கூட்டரசு வரவு-செலவுத் திட்டம் நாடு முழுவதற்குமான நிலக்காவலர் முன்னோடித் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. சராசரியாக ஆண்டுக்கு 50 லட்சம். இதற்கு மாறாக, லுட்செல்கே டெனே மக்களின் நிலத்தில் 2019இல் 26,376 சதுர கிலோமீட்டரில் அமைந்த தைடெனே நெனே பாதுகாப்புப் பகுதிக்கு 3 கோடி டாலர் அறக்கட்டளை நிதி சேர்ந்தது. பாதி அரசினுடையது, பாதி நன்கொடை. முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுப்பதாக வைத்துக்கொண்டால் 12 லட்சம் டாலர் கிடைக்கும். பகுதியின் மற்றச் செலவுகளும் இதிலிருந்தே நடக்க வேண்டியிருப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுமையாகாது. ஆயினும் சில நூறு பேர் வாழும் ஓர் ஊருக்கு அடுத்த பருவம் உண்டு என்ற உறுதியை இது தருகிறது. ஐந்தாண்டு மானியத்தால் அது இயலாது. 1992இல் தொடங்கிய கனடாவின் மாதிரிக் காடுகள் திட்டம் ஐந்தாண்டுக் கட்டங்களாக ஓடி 2007இல் முடிந்ததை இங்கு நினைவுகூரலாம்.

2024 நவம்பரில் வடமேற்கு ஆட்புலத்தின் பூர்வகுடி அரசுகளும் கூட்டரசும் நன்கொடையாளர்களும் கையெழுத்திட்ட 37.5 கோடி டாலர் நிலப் பாதுகாப்பு உடன்பாட்டில் 30 கோடி கூட்டரசினுடையது. இத்தகைய நிதியில் பயிற்சியைத் தனித் தலைப்பாகப் பிரித்து, முடித்தவர் எண்ணிக்கையால் அளந்தால் பழைய வாசிப்பே கணக்கேடு வழியாகத் திரும்பி வரும். பயிற்சிச் செலவைக் காவலர் ஊதியத்தோடு ஒரே தலைப்பில் வைத்து, எத்தனை பேர் எத்தனை பருவம் வேலையில் நீடித்தனர் என்று பதிவதே 2016ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்போகும் முறை.