முடியப்பனும் ஸ்டீபனும்

எங்கள் வகுப்பில் முடியப்பன் என்று ஒருவன் இருந்தான். தாத்தாவின் பெயர். அவனுக்கு மொட்டை போட்டுவிட்டால் போதும், "முடியில்லா முடியப்பா" என்று கூவுவோம். கணக்கு வராவிட்டால் வாத்தியாரும் தன் பங்குக்கு, "உன்னால முடியாதப்பா" என்பார். முதலில் சிரிப்பவன் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவதற்குள் வீட்டில் அடம்பிடித்து ஸ்டீபன் என்று மாற்றிக்கொண்டான். அதன்பின் தாத்தா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தம்பி" என்பதோடு சரி.

இரண்டும் ஒரே பெயர் என்பது பணி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கிரேக்கத்தில் 'ஸ்தெபனோஸ்' என்றால் தலையில் சூடும் வெற்றி மாலை, கிரீடம். முடிசூட்டு விழா என்கிறோமே, அந்த முடி. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்து முடியப்பர் என்றார்கள். 'ஆண்டவர் அருளினார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயர்தான் யோவான். அவர் அருளப்பர் ஆனார். லத்தீனில் 'பவுலுஸ்' என்றால் சிறியவர், அவர் சின்னப்பர்.

விவிலியத்தில் முடியப்பர் எருசலேமில் கல்லால் எறிந்து கொல்லப்பட்ட முதல் வேதசாட்சி. எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்ற இளைஞர் சவுல். பின்னாளில் அவர்தான் சின்னப்பர்! முடியப்பர் திருநாள் டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

ரஷ்யாவில் இவர் ஸ்தெபான். ஸ்பானியருக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்த' வராது, எஸ்தேபான் என்பார்கள். நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றதும் இதே கணக்குதான். பிரெஞ்சிலும் அப்படி முன்னால் ஓர் 'எ' சேர்ந்து, பிறகு நடுவிலிருந்த 'ஸ்' தேய்ந்து, எத்தியேன் ஆகிவிட்டது.

ஹங்கேரிக்காரர்கள் இஷ்த்வான் என்கிறார்கள். வாய்க் என்ற பெயரில் பிறந்த இளவரசர் ஞானஸ்நானத்தில் இந்தப் பெயரைப் பெற்றார். கி.பி. 1000 வாக்கில் அந்நாட்டின் முதல் அரசராக முடிசூடினார். 1083-இல் அவரைப் புனிதர் ஆக்கினார்கள். அவர் பெயரால் வழங்கும் கிரீடம் இன்றும் புடாபெஸ்ட் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது.

போன டிசம்பரில் திருநாள் வாழ்த்துச் சொல்லும் சாக்கில் அவனுக்குப் போன் போட்டு, இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு போல ஒப்பித்தேன். "மன்னிச்சுக்கடா" என்றும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. ரெண்டும் ஒரே புனிதர் பேருதான்னு சாமியார் அப்பவே சொன்னார். அந்தத் தைரியத்துலதான் மாத்தினேன்" என்றான். சற்றுக் கழித்து, "தாத்தா காதுக்குத்தான் அது வேற ஆள் பேரா இருந்துச்சு" என்றான்.